அளவு தப்பிய கோட்டு

"கையத் தொங்க வுடுங்க சார். வெறப்பா நிக்காதீங்க" என்றார் டெய்லர் கண்ணாயிரம்.

அந்த இளைஞன் கையைத் தொங்கவிட்டான். கோட்டின் கை விரல் முட்டிவரை இறங்கியது. தோள் இரண்டு பக்கமும் வழிந்தது. ட்ரையலுக்காக ஓட்டுத் தையலில் நிற்கிற கோட்டுதான் என்றாலும் இத்தனை தொளதொளப்பா? செங்கல்பட்டில் பாதிக் கல்யாணத்துக்குக் கோட்டு தைத்தவர் கண்ணாயிரம். அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"இன்னாங்க இது, இப்டித் தொங்குது?" என்றார் தர்மராஜ்.

அவர் பெண்ணைப் பெற்றவர். கருங்குழியில் நெல் மண்டி வைத்திருக்கிறார். வரவேற்புக்குப் போடுகிற கோட்டு பெண் வீட்டுச் செலவு. டிசம்பர் தொடக்கத்தில் மாப்பிள்ளையை இதே கடைக்கு அழைத்து வந்து அளவு கொடுக்க வைத்தவரும் அவர்தான்.

"ட்ரையலுக்கு டிசம்பர் கடைசில வரச் சொன்னேன். ஆளையே காணோம். மாசி பொறந்து வந்து நிக்கிறீங்க. நடுவுல சார் பாதியா எளைச்சிட்டாரு. மொட்டை வேற போட்டுகினு கீறாரு. எங்க சார் வேண்டுதல், திருப்போரூரா?"

"இல்ல. கல்பாக்கத்துலயே" என்றான் அவன்.

அதை யோசித்துக்கொண்டிருக்கக் கண்ணாயிரத்துக்கு நேரமில்லை. குண்டூசி டப்பாவைத் தேடினார்.

தர்மராஜ் கிட்டே வந்தார். "தோ பாருங்க, இந்தக் கோட்டு சேந்தா கல்யாணம், சேரலைன்னா வேணாம்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. பூ கட்டிப் பாக்குறதுக்குப் பதிலா கோட்டாம். வூட்டுல எம் பொண்ணு துர்கா சோறு துண்ணாம குந்திகினு கீது. எதுனா பண்ணுங்க."

சொன்னவருக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய் பீடி பற்ற வைத்தார்.

ஒரு கோட்டுக்காகக் கல்யாணத்தை நிறுத்துவார்களா? கண்ணாயிரம் குண்டூசி டப்பாவைத் திறந்தார். அளவு எடுத்தது அவர் கை. அதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையா பலி? தோள் தையலைப் பிரித்து உள்ளே தள்ளி, ஊசி குத்தத் தொடங்கினார். பயம் தெரியாமலிருக்கப் பேச்சும் கொடுத்தார்.

"பரணி சார், வேலைல்லாம் எப்டிப் போவுது?"

"அடுத்த மாசம் சேரச் சொல்லியிருக்காங்க."

"ப்ரமோசனா? சொல்லவே இல்ல! பெரிய குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்னு அன்னிக்கு சொன்னீங்களே, வந்திச்சா?"

"வரும்போலதான் இருக்கு."

"கொடுத்து வச்சவரு சார் நீங்க. வேல, வூடு, பொண்ணு, எல்லாம் ஒண்ணா வருது. அப்புறம் எதுக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு? அன்னிக்கு எப்டிச் சிரிச்சிப் பேசிகினு இருந்தீங்க!"

அவன் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, இது சரியாகாதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"இன்னாது?"

"தோளைக் குறைக்க முடியாது, துணி வீணாப் போச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை. அம்மா அழுற அழுகைக்கு முன்னால வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. கோட்டு சொல்லிட்டுப் போகட்டும்."

கண்ணாயிரத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நிச்சயம் முடிந்த பெண்ணைக் கழற்றிவிட, அவர் தைத்த கோட்டா சாக்கு?

"இந்த நேவி ப்ளூ துணிய ஆசை ஆசையாப் பொறுக்கி எடுத்தது அந்தப் பொண்ணுதானே சார்? அது இன்னா பாவம் பண்ணிச்சி?"

"அவங்க மேல ஒரு குறையும் இல்லண்ணே."

"அப்ப பேசாம நில்லுங்க. ஆவாதுன்னு ஒரு துணியையும் இந்தக் கடைல நான் சொன்னதில்ல."

கண்ணாயிரம் வெறி பிடித்த மாதிரி வேலை செய்தார். கையை மடித்தார், இடுப்பைப் பிடித்தார், முதுகைத் தட்டிப் பார்த்துப் பார்த்துக் குத்தினார். கடைசியில் ஒரு மெரூன் டையை அவன் வெள்ளைச் சட்டைமேல் வைத்து, பொத்தான் வருகிற மூன்று இடத்தில் மேல் இரண்டை மட்டும் குண்டூசியால் பிடித்து, மார்புப் பையில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகினார். தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார்.

"இப்பப் பாருங்க சார். உங்களுக்குன்னே பொறந்த கோட்டு!"

கண்ணாடியில் தெரிந்தவனைப் பார்த்ததும் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆள் மனசு மாறிவிட்டான் என்று கண்ணாயிரத்துக்குச் சந்தோஷம். வாசலுக்கே போய்க் கூவினார்.

"அண்ணாத்த! கோட்டு சேந்திடிச்சி! வியாழக்கிழம வந்து வாங்கினு போங்க!"

தர்மராஜ் பீடியை எறிந்துவிட்டு ஓடி வந்தார். ஏற இறங்கப் பார்த்தார். சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் கும்பிட்டார். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லி வருகிறேன் என்று எதிரிலிருந்த பூத்துக்கு ஓடினார்.

அவன் ஊசி குத்தாமல் மெதுவாகக் கோட்டைக் கழற்றி, கண்ணாயிரத்தின் கையில் கொடுத்தான்.

"உங்க அளவு தப்பில்லண்ணே" என்றான். "நான் பார்த்திபன். பரணி எங்க அண்ணன், ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை. கடல் ஊருக்குள்ள வந்த அந்த ஞாயித்துக்கிழமை, ட்ரையலுக்குக் கிளம்புறதுக்கு முன்னால, பீச் வரைக்கும் போயிட்டு வரேன்னு போனவன்தான். அவன் வேலையும் இப்ப எனக்குத்தான். துர்காவை இன்னிக்கு வரைக்கும் நான் அண்ணின்னுதான் கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்."