கடைசியாகக் கொடுத்த தேதி

டேட்டாபேஸ் லைப்ரரி இல்லை என்று திரை ஏழாவது முறையாகச் சொன்னது.

என் லேப்டாப்பில் அது இருக்கிறது. புது சர்வரில் இல்லை. தளத்தின் நிரல் தயார், ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலும் பத்திரம். இரண்டையும் பேசவைக்கிற நடு ஆளைத்தான் காணோம். பெண்ணும் தயார், மாப்பிள்ளையும் தயார், தரகர் வரவில்லை என்கிற கதை.

பழைய சர்வரை நேற்றே அவசரப்பட்டு மூடிவிட்டேன். திரும்பிப் போக வழியில்லை.

சிதம்பரத்திலிருந்து பவானி மூன்றாவது தடவை கூப்பிட்டாள். அங்கே ரத்ததானக் குழுவின் போனைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

"அண்ணே, ஒரு அம்மாவுக்கு நாலு மணிக்கு ஆபரேஷன். ரத்தம் கெடைக்கல. அவுங்க வீட்டாளுங்க காலையிலேர்ந்து லிஸ்ட் கேக்குறாங்க, பக்கம் தொறக்கவே மாட்டேங்குது."

"பத்து நிமிஷம்மா" என்றேன். ஒன்பது மணிக்கும் இதையேதான் சொன்னேன். இப்போது பதினொன்றரை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் என் ஆபீஸ். இரண்டு நாற்காலி. எதிர் நாற்காலியில் இரண்டு வருஷமாக யாரும் உட்காரவில்லை.

அது ஜோசப்பின் நாற்காலி. இந்தத் தளத்தைக் கட்டியவன் அவன்தான். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அவன் அம்மா ஜோதி மேரி எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் சோறு கட்டி அனுப்புவார்.

எந்த வேலையை முடித்தாலும், எப்படிச் செய்தோம் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைப்பான். எந்த லைப்ரரி முதலில், எது அதற்கு மேலே, எல்லாம். "புராணம் முடிஞ்சுதா?" என்று கிண்டல் செய்வேன். தளத்தைச் சோதிக்க முதல் பெயராக என்னைத்தான் ஏற்றினான். செம்பியன், ஓ நெகட்டிவ், கடலூர்.

தொடக்க விழா சிதம்பரத்தில் நடந்தது. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து ஐந்து நிமிடம் பேசினேன். பக்கம் நின்றுவிடக் கூடாதே என்று ஜோசப் கடைசி வரிசையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெயரை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று அப்புறம் சொன்னேன். மறக்கவில்லை.

அடுத்த வாரம் வேலையை விட்டான். போகும்போது "வரேன் சார்" என்றான்.

அந்த 'சார்' எனக்குச் சுருக்கென்றது. தளத்தின் அடியில் இருந்த அவன் பெயரை அன்றைக்கே எடுத்தேன். அவன் பெயரில் இருந்த ஃபோல்டரையும் அழித்தேன். புராணம் அதற்குள்தான் இருந்தது.

வேறு வழி தெரியாமல் இன்றைக்கு அவனையே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஜோசப், சைட்டு வேலை செய்யல."

"தெரியும் சார். காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

விட்டுப் போனாலும் பெற்ற பாசம் போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். பேங்கில் இருக்கிறான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"நம்ம புரோகிராம் பக்கம் போட்டா மட்டும் பத்தாது சார். சர்வர்லயே அடியில ஒண்ணு போடணும். அத மொதல்ல போடுங்க, அப்பறம் இத."

பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான். இரண்டு வருஷம் கழித்தும் மனப்பாடமாக வைத்திருந்தான். போட்டேன். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன்.

பக்கம் திறந்தது. மூன்று மணி நேரம் நான் மல்லுக்கட்டியதை அவன் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டான்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். மறுமுனையில் அவன் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. தேடிப் பார்க்கிறான்.

"மத்தவங்கெல்லாம் போன மாசந்தான் குடுத்திருக்காங்க சார், மூணு மாசம் ஆகாம மறுபடி குடுக்க முடியாது" என்றான். "ஓ நெகட்டிவ்ல ஒரே ஒரு பேருதான் வருது."

அந்தப் பெயரை அவன் வாசிக்கவில்லை.

நான் என் திரையில் தேடினேன். செம்பியன், கடலூர். பக்கத்தில், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி என்கிற கட்டம் காலியாக இருந்தது. பொன்னாடை வாங்கியவன் இதுவரை ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை.

"ஜோசப், அம்மாவுக்கா?"

மறுமுனையில் மறுபடியும் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். அது பேங்க் இல்லை, ஆஸ்பத்திரி.

என் நம்பர் காலையிலிருந்து அவன் கையில்தான் இருந்தது. என் ரத்தம் என்ன வகை என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும், என்னைக் கேட்பதைவிட அந்த வெள்ளைப் பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பதே அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. வேறு யார் பெயராவது வந்துவிடாதா என்று இருந்திருக்கிறான். அவனை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது நான்தான்.

பைக் சாவியை எடுத்தேன். சிதம்பரத்துக்கு ஒரு மணி நேரம்.

"வரேன் மச்சான்" என்று சொல்லத்தான் நினைத்தேன். "வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

"சாப்ட்டுட்டு வாங்க சார்" என்றான் ஜோசப். "வெறும் வயித்துல வந்தா எடுக்க மாட்டாங்க."