காலடியில் முயல்

கரண்டு போய் விசைத்தறி நின்றபிறகுதான், முயல்கூண்டின் கதவு காற்றில் அடித்துக்கொள்வது துரைப்பாண்டிக்குக் கேட்கிறது. காதுக்குள் தறி இன்னும் ஓடுகிறது. உள்ளே வரும் சிப்பிப்பாறை நாய், மகள் வளர்க்கும் வெள்ளை முயலை அவன் காலடியில் மெல்ல வைக்கிறது. முயலின் காது துடிக்கிறது. இன்னொன்று தறிக்கடியில் பஞ்சுத் தூசிக்குள் ஒடுங்கி நடுங்குகிறது. "கோமதித்தாயே! உசிரு இருக்கு," என்று மனைவி பிரேமலதா முயலை முந்தானையில் அள்ளுகிறாள். "மொதல்ல நாயக் கட்டிப் போடுங்க. பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வார நேரம்!" அவனோ கம்பை ஓங்குகிறான். நாய் ஓடவில்லை. பெருச்சாளி பிடித்துவந்த நாளிலெல்லாம் அவன் பிஸ்கட் எடுத்துக் கொடுத்த சட்டைப்பையையே பார்த்து வாலாட்டுகிறது.