தவறாமல் அழைக்கப்படும்

"ஆபீஸை இங்கேயும் தூக்கிட்டு வந்துட்டியாடா?" என்றாள் அக்கா. மருத்துவமனை வராந்தாவில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த தம்பி நிமிரவில்லை. அவனுடைய முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருந்தார். இதயத்துக்கான மருந்தை ஒரு சின்ன பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக அவர் உடம்புக்குள் செலுத்திக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம்கூட மருந்து நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"காலைல அந்த மெஷினை ஆன் பண்ணாங்கல்ல, அப்பலேருந்து உன் மூஞ்சியே சரியில்ல. பயமா இருந்தா வாயைத் திறந்து சொல்லேன்."

"ஒண்ணுமில்லக்கா."

அவன் எழுதிக்கொண்டிருந்தது, இயந்திரங்களுக்குள் இருந்து எல்லா வேலைகளையும் நடத்தும் அடிப்படை மென்பொருளான ஒரு கெர்னலின் கையேடு. அதில் ஷெட்யூலர் என்ற பகுதிதான் எந்த வேலை அடுத்து ஓட வேண்டும் என்று முடிவு செய்யும். ஒரு வேலை வரிசையில் சேரும்போதும், விலகும்போதும், விழிக்கும்போதும் அதற்கென்று இருக்கும் கால்பேக் என்ற சிறு நிரல்துண்டை அது அழைக்க வேண்டும்.

ஒவ்வொரு கால்பேக்காக எடுத்து, அதை அழைக்கும் இடங்களையெல்லாம் நிரலில் தேடினான். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே 'தவறாமல் அழைக்கப்படும்' என்று அதன் கீழே எழுதினான்.

போன் அடித்தது. மேனேஜர். அக்கா வெடுக்கென்று பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னப்பா, லீவைப் போட்டுட்டு பக்கம் பக்கமா அனுப்பிட்டிருக்க? இது அடுத்த மாசம் குடுத்தா போதும்யா. போய் அப்பா பக்கத்துல உட்காரு."

"சரி சார்" என்று போனை வைத்தவன் மறுபடி தட்டத் தொடங்கினான்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ எழுதின புரோகிராம் ஓடுற லிஃப்ட்ல ஏறுறப்பல்லாம் அப்பா 'இதை என் பையன்தான் ஓட்டுறான்'னு பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட பீத்திக்குவாரு. 'லிஃப்ட்மேனா இருக்காருங்களா?'ன்னு ஒருத்தர் கேட்டுட்டாரு. அதுக்கும் சிரிச்சாரு மனுஷன். நீ என்னடான்னா..."

அவன் எழுந்து உள்ளே போனான். அப்பாடா, இப்போதாவது போனானே என்று அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். அவனோ கட்டிலருகே குனிந்து பம்பையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"அவர் முகத்தைப் பார்க்கக்கூட உனக்குத் தெம்பில்லையா?" திரும்பி வந்தவனிடம் கேட்டாள். அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

கடைசிக்கு முந்திய கால்பேக். ஒரு வேலையை ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு மாற்றும்போது அழைக்க வேண்டியது. 'தவறாமல்' என்று எழுதினான். அடுத்த சொல்லுக்கு விரல் போகவில்லை. முழங்கால் நின்றுவிட்டது.

நிரலை மறுபடி படித்தான். அந்த வேலை விழிப்பதும் வரிசை மாறுவதும் ஒரே கணத்தில் நடந்தால், ஷெட்யூலர் அந்தக் கால்பேக்கை அழைக்காமலே திரும்பிவிடும். வேலை பழைய வரிசையிலும் இருக்காது, புதிய வரிசையிலும் இருக்காது. மற்ற வேலைகள் வழக்கம்போல ஓடும். அது ஒன்று மட்டும் நின்றுபோனது யாருக்கும் தெரியாது.

'தவறாமல்' என்ற சொல்லை அழித்தான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

லேப்டாப் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. அவன் அதற்குள் வராந்தாவின் கோடிக்கு ஓடியிருந்தான்.

"சிஸ்டர்! அப்பாவோட பம்பை மாத்துங்க. வேற கம்பெனி பம்ப் எது இருந்தாலும் சரி, உடனே மாத்துங்க!"

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "எதுக்குங்க? பச்சை லைட் எரியுது, நல்லாத்தானே ஓடுது?"

பின்னாலேயே ஓடி வந்த அக்கா அவன் தோளைப் பிடித்தாள். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அதுக்குள்ள ஓடுறது நான் எழுதின கெர்னல், சிஸ்டர்."