கறிவேப்பிலை டப்பாவில் சாவி

வீடு முழுக்கத் தேடிய கடைச் சாவி ஃபிரிட்ஜில் இருந்தது. கறிவேப்பிலை டப்பாவுக்குள், இலைக்கு அடியில், சில்லென்று கிடந்தது.

ஜாய் அதை எடுத்துக் கணவர் முன்னால் நீட்டினாள். கிங்ஸ்லி அப்போதுதான் செங்கோட்டை பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தார். தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. சாவியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"நாந்தான் வச்சிருப்பேன்," என்றார். "புத்தி எங்கனயோ போயிட்டு."

தென்காசியில் பாத்திரக்கடை வைத்த நாளிலிருந்து அந்த மனுஷன் ஒரு தப்பையும் ஒத்துக்கொண்டதில்லை. விற்ற குடம் ஒழுகினால் தண்ணீர்மேல் பழி போடுகிற ஆள். அவரே வாய்விட்டு ஒத்துக்கொள்கிறார் என்றால் விஷயம் முற்றித்தான் போயிருக்க வேண்டும் என்று ஜாய் பயந்தாள்.

அப்புறம் அதுவே வாடிக்கையாயிற்று. பால் பொங்கி அடுப்பை அணைத்து, வீடெல்லாம் கேஸ் நாறியது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான் என்றார். எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் விட்டார்கள். தேதியை உன்னிடம் சொல்லாதது என் தப்புத்தான் என்றார்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜாயின் அம்மா கடைசிக் காலத்தில், பெற்ற மகளையே பார்த்து, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டவள். அதிலிருந்து அந்த வீட்டில் மறதி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. குழம்பில் இரண்டாம் தடவை உப்பு விழுந்த அன்றைக்கு, மறந்துட்டியோ என்று கிங்ஸ்லி விளையாட்டாகக் கேட்டுவிட்டார். கோபித்துக்கொண்டு கடையம் ஊரிலிருக்கும் அக்காள் வீட்டுக்குப் போனவளை அவர் நேரில் போய்க் கெஞ்சித்தான் கூட்டி வந்தார்.

அப்பேர்ப்பட்ட சனியன் இப்போது புருஷனைப் பிடித்துவிட்டதே என்று ஜாய்க்கு ராத்திரியில் தூக்கம் போயிற்று. தூக்கம் வராததற்குப் போனில் சீரியல், சீரியலுக்குத் துணையாகக் காபி.

டாக்டரிடம் வர மாட்டேனென்று சண்டித்தனம் பண்ணுவார் என நினைத்தாள். பண்ணவில்லை. டோக்கன் போடுகிறேன் என்று முன்னாலேயே போய், டாக்டரிடம் பேசியும் வைத்திருந்தார். ரத்தம் எடுக்கிற இடத்தில் மட்டும் யாவாரப் புத்தி எட்டிப் பார்த்தது.

"ரெண்டு பேருக்கும் சேத்து எடுத்தா எவ்வளவு கொறைப்பிய?"

ஜாய் கையிலும் ஊசி ஏறியது.

டாக்டர் முத்துவடிவு இரண்டு ரிப்போர்ட்டையும் புரட்டினார். "பயப்படுத நோயெல்லாம் இல்ல. ஒறக்கம் இல்ல, நடை இல்ல, நேரத்துக்குச் சாப்பாடு இல்ல. குத்தாலத்து மலையில மேகம் எறங்குத மாதிரி மூளையில ஒரு மூட்டம். வழக்கத்த மாத்துனா கலைஞ்சிரும்."

வழக்கத்தை மாற்றுகிற வேலை ஜாய் தலையில் விழுந்தது. ஆனால் கிங்ஸ்லியிடம் எதையும் சும்மா வாங்கிவிட முடியாது. செங்கோட்டையில் சரக்கெடுக்கும்போது வெண்கல உருளி வேண்டுமென்றால் உருளிப் பக்கமே திரும்ப மாட்டார். குத்துவிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டை வற்ற வாதாடிவிட்டு, போகிறபோக்கில் உருளியைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்த வாய் இப்போது வீட்டில் திறந்தது.

விடிந்ததும் நடக்கணும் என்றாள். நீ வந்தா வாரேன் என்றார். ஒன்பது மணிக்குப் போனை பீரோவில் வைத்துப் பூட்டணும் என்றாள். உன் போன் துணைக்குப் போனால்தான் என் போன் போகும் என்றார். ராத்திரி பரோட்டா கூடாது என்றாள். அப்படியானால் ராத்திரிக் காபியும் கூடாது என்றார்.

"சீக்கு ஒங்களுக்குத்தான? என்னைய எதுக்கு இழுக்கிய?"

"நீ கொட்டக்கொட்ட முழிச்சிருந்தா எனக்கு எப்படிட்டி ஒறக்கம் வரும்?"

நடந்தார்கள். குற்றாலம் ரோட்டில் சாரல் முகத்தில் தெறிக்க, மேகம் மூடிய மலையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நேற்றைக்கு என்ன குழம்பு, கடைக்கு யார் வந்தார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே வருவாள். புளிக்குழம்பு என்பார் அவர். சொதியில்லா வச்சேன் என்று அவள் திருத்துவாள். ஆரம்பத்தில் நின்று யோசித்துத் திருத்தியவள், போகப்போக அவர் வாயை மூடுமுன் திருத்தினாள்.

சாரல் சீசன் முடிவதற்குள் பால் பொங்கி வழிவது நின்றது. சாவி அதன் ஆணியில் தொங்கியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, கணவரை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

இவருக்கு இப்போது எவ்வளவோ தேவலை என்று ஆரம்பித்தவள், சாவியை ஃபிரிட்ஜில் வைத்த கூத்தையும் சொல்லிச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"அது எப்படி நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லாம? இப்ப நெனச்சாலும் கண்ணுக்குள்ளயே நிக்கி. இவுக முந்தின நாளே செங்கோட்டைக்குப் போயிட்டாவ. போகும்போது சாவிய என் கையிலதான் குடுத்தாவ. நான் கறிவேப்பில ஆஞ்சுக்கிட்டு இருந்தேன்..."

ஜாயின் பேச்சு அந்தரத்தில் நின்றது. மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கிங்ஸ்லி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், உருளி இருக்கிற பக்கம் திரும்பாத மாதிரியே.

டாக்டர் ஃபைலை விரித்தார். "பேஷண்ட் மட்டும் இருந்தாப் போதும். கூட வந்தவங்க கொஞ்சம் வெளிய இருங்க."

பழக்கத்தில் ஜாய் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு முன்னால் எழுந்துவிட்ட கிங்ஸ்லி, அவள் தோளில் கை வைத்து மெல்ல அழுத்தினார்.

"நீ இரி, ஜாய்."