ராணிக்குச் சூடு

ராணிக்குச் சூடு ஏறிக்கொண்டே போனது. சிறிதரன் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். இன்னும் கொஞ்சம் ஏறினால் அவள் உயிருக்கே ஆபத்து.

ராணி ஓர் ஆறடி மலைப்பாம்பு. ரோவில் என்ற இந்த ஊரின் குளிருக்கு அவளுடைய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் போதும். இன்றைக்கோ விருந்தாளிகளுக்காக வீடு முழுக்க ஹீட்டர் ஓடுகிறது. அறையும் சூடு, விளக்கும் சூடு என்றால் அவள் பாவம், என்ன செய்வாள்? விளக்கை அணைத்தான். கறுப்புத் திரையை விலக்கி யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல ஹோலுக்கு வந்தான்.

வந்திருப்பவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. அவன் உயிரையே வைத்திருக்கும் துஷ்யந்தியின் அப்பாவும் அம்மாவும். மாப்பிள்ளையின் வீட்டைப் பார்த்துச் சம்மதம் சொல்வதற்கென்றே சிட்னியிலிருந்து வந்திருக்கிறார்கள். "அம்மா ரீவியில பாம்பைக் கண்டாலே காலைத் தூக்கிக் கதிரையில வைப்பா. ராணியைப் பற்றி மூச்சு விடாதேங்கோ," என்று துஷ்யந்தி ஃபோனில் எச்சரித்திருந்தாள்.

"எங்கேயோ இருந்து குளிர்காத்து வருது தம்பி. ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோவன்," என்றார் புஷ்பவல்லி அன்ரி.

கூட்டினான். ஐயோ, ராணி! "ஒரு நிமிசம், வாறன்," என்று ஓடிப்போய் யன்னலை அகலத் திறந்தான். அன்ரிக்கு இன்னும் குளிர்ந்தது. ஹீட்டர் இன்னும் ஏறியது. மறுபடி ஓடினால் பெட்டி ஐஸாகக் கிடந்தது. யன்னலைச் சாத்தி விளக்கைப் போட்டான். அடுத்த ஓட்டத்தில் விளக்கை அணைத்தான். அந்தக் குளிரிலும் அவனுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

வரதராஜன் அங்கிள் சிட்னியில் பரமட்டா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். எத்தனையோ வழக்குகளைப் பார்த்தவர். கதவுக்குக் கீழே சிவப்பு வெளிச்சம் வருவதும் போவதுமாக இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அறையில என்ன தம்பி?"

"அது... சாமி அறை அங்கிள்."

சொன்ன பிறகுதான் தன் மடத்தனம் உறைத்தது. சாமி அறை என்றால் நம் சனம் விலகியா போகும்? அன்ரி உடனே எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். "நல்ல பிள்ளை! ஒருக்கால் கும்பிட்டிட்டு வருவம்."

"நீர் இரும் புஷ்பம்." அங்கிளின் குரல் தடித்தது. "தம்பி, அந்த லைற் எந்த நேரமும் எரியுமோ?"

"ஓம் அங்கிள்... குளிரெண்டால்..."

"அறையும் சூடாய் இருக்க வேணுமாக்கும்? அயலட்டைச் சனம் ஒண்டும் கேக்கிறேல்லையோ?" மூக்கை உறிஞ்சி மணம் பிடித்தார். "இந்த வீட்டுக்கோ நான் என்ர பிள்ளையைத் தாறது?"

போச்சு, தெரிந்துவிட்டது! துஷ்யந்தி கைவிட்டுப் போனாள் என்றே சிறிதரனுக்குத் தோன்றியது. அழுகையே வந்துவிட்டது.

"அங்கிள், நான் களவாய் வளக்கேல்லை. லைசென்ஸ் எடுத்துத்தான்..."

"இதுக்கு ஆர் லைசென்ஸ் குடுக்கிறது?" என்று கத்திக்கொண்டே அங்கிள் கதவைத் தள்ளித் திறந்தார்.

ராணி ஒய்யாரமாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்து நாக்கை நீட்டினாள். பின்னால் எட்டிப் பார்த்த அன்ரி, வீடு அதிரக் கத்திக்கொண்டு ஈரக்காலோடு கதிரையில் ஏறி நின்றார்.

அங்கிளோ பெட்டிக்குப் பின்னால் பார்த்தார், அலுமாரியைத் திறந்து பார்த்தார், மேசைக்குக் கீழேயும் குனிந்து பார்த்தார். பிறகு தொப்பென்று தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். சிரித்தபடியே சிறிதரனை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"இறங்கும் புஷ்பம்! லைற்றும் சூடும் வைச்சுப் பொடியன் கஞ்சா வளக்கேல்லை, பாம்புதான் வளக்கிறான்!"