கடைசியாக வருபவன்

மலைச்சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு, இடப்பக்கம் கைநீட்டியபடி பிரிட்டோ நின்றுகொண்டிருந்தான். நாங்கள் கூட்டமாகப் போகும்போது ஒவ்வொரு பிரிவிலும் ஒருவன் நின்று வழிகாட்ட வேண்டும். ஆரஞ்சு மேற்சட்டை போட்டுக் கடைசியாக வருபவன் வந்துசேரும்வரை அவன் நகரக் கூடாது. யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று பிரிட்டோவே போட்ட விதி. அன்றைய பயணத்தில் கடைசியாக வர வேண்டியவன் தவசி. பிரிவுக்கு முந்தைய வளைவில் பள்ளத்தில் விழுந்து இறந்த அவனைத் தூக்கி, எரித்துச் சில நாளும் ஆயிற்று. அதைச் சொன்னால், "அவன் இன்னும் வரலையே" என்பான் பிரிட்டோ. மழையிலும் அந்தக் கை இறங்கவில்லை.

பிரிட்டோவின் மனைவி ஜெனிபா, தவசியின் மேற்சட்டையைத் துவைத்துக் கிழிசலைத் தைத்து என்னிடம் கொடுத்தாள். "அண்ணே, இதப் போட்டுக்கிட்டு ஒரு தடவ அவரு முன்னால போங்க. வீட்டுக்கு வந்துருவாரு."

போனேன். ஆரஞ்சைக் கண்டதும் அவன் கை இறங்கியது. வண்டியைக் கிளப்பினான். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது என்பதால் வேகத்தைக் குறைத்து அவனுக்கு வழிவிட்டேன். அவன் பக்கத்தில் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், தையல் போட்ட இடத்தைத் தடவினான்.

"இந்தத் தடவ நீ முன்னால போ தவசி. கடைசியா நான் வாரேன்."

இரண்டு வளைவுகள்வரை அவன் விளக்கு என் கண்ணாடியில் தெரிந்தது. பிறகு சாலை மட்டும் தெரிந்தது. அடுத்த பிரிவில் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, இடப்பக்கம் கையை நீட்டினேன்.