ஷெல்பிக்காக ஒரு டாங்கிள்

“இனிமே அந்த ஷெல்பியை நீ பார்க்கவே கூடாது, ஆமா, சொல்லிட்டேன்!” என்று கத்திவிட்டு, தம்பியின் ட்ரக் சாவியையும் செல்போனையும் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள் கார்லா.

டேரிலுக்கு ஐம்பது வயது. ஐம்பது வயதுக்காரனை அக்கா அதட்டுவதும், அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதும் பார்க்கச் சகிக்காது. நல்லவேளை, மிஷிகனின் வடகோடிக் காட்டில், அவர்களுடைய வேட்டைக் குடிலைச் சுற்றி மான்களைத் தவிர யாரும் இல்லை.

“அவ உன்னை என்னக்கா பண்ணினா? சிரிச்ச முகமா நாலு வார்த்தை பேசுவா. அது ஒரு குத்தமா?”

“உன்கிட்ட மட்டுமாடா சிரிக்கிறா? பொண்டாட்டி போயிட்டா, வீடு போச்சு. இன்னும் என்ன மிச்சம் இருக்கு உன்கிட்ட?”

“என் பேரைச் சொல்லி ஆசையாக் கூப்பிட அவ ஒருத்திதான் இருக்கா.”

“ஏன், நான் கூப்பிடலையா?”

“நீ ‘டேய்’னுதானே கூப்பிடறே!”

கார்லாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கூரைமேல் இடுப்பளவு பனி கிடந்தது, அள்ளித் தள்ளாவிட்டால் இரண்டு பேரும் அதற்கு அடியில்தான் கிடக்க வேண்டும். சாலையும் மூடிக் கிடந்தது. பனி வாரும் வண்டி இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

தலைக்குமேல் மண்வாரி உரசும் சத்தம் கேட்டதும் டேரில் நிமிர்ந்தான். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அக்கா இறங்க மாட்டாள். மூலையில் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மரத்தில் கட்டிவைக்கும் காமிராக்களில் விழுந்த மான் படங்களைப் பார்ப்பதற்காகப் போட்டு வைத்தது. விண்டோஸ் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று அக்கா மகன் போன வருஷம் அதை எடுத்துவிட்டு, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் கம்ப்யூட்டரில் வைஃபை கிடையாது, அதனால்தான் கார்லா அதை விட்டுவைத்திருந்தாள்.

ஆனால் பக்கத்துக் குடில்காரன் நெட் என்பவன் ஊரில் இல்லாவிட்டாலும் அவனுடைய வைஃபை ஓடிக்கொண்டே இருக்கும், அதன் கடவுச்சொல் டேரிலுக்கு மனப்பாடம். தூண்டில் பெட்டியைக் குடைந்தான். முள், ஈயக் குண்டு, நூல்கண்டு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வைஃபை டாங்கிள் அகப்பட்டது, கம்ப்யூட்டரில் சொருகினால் வைஃபை பிடித்துத் தரும் கட்டைவிரல் அளவுச் சாமான். ‘விண்டோஸுக்கு மட்டும்’ என்று அதன் முதுகிலேயே எழுதியிருந்தது.

எழுதினால் எழுதட்டும் என்று சொருகினான். சிடி போட்டதுபோலத் திரையில் ஒரு சிடி படம் திறந்தது. வைஃபை இருக்கிற சுவடே இல்லை. சிடிக்குள் இருந்த ஃபைலைத் தட்டினால், ‘இதை இயக்க முடியாது’ என்றது. கூட இருந்த குறிப்பைத் திறந்தான். ‘லினக்ஸ்காரர்கள் இதை இயக்கும் டிரைவர் மென்பொருளை எங்கள் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளவும்’ என்று போட்டிருந்தது.

இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டுமாம், டிரைவர் வேண்டுமென்றால் இணையத்துக்குப் போக வேண்டுமாம். இதை எழுதிய புண்ணியவானை இந்தப் பனியில் ஒருநாள் உட்காரவைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தான்.

வேறு ஓட்டையில் சொருகினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். டாங்கிளை ஊதி, சட்டையில் துடைத்துப் பார்த்தான். மறுபடி மறுபடி அதே சிடிதான் வந்து நின்றது. வெளியே பனி, மேலே அக்கா, எதிரே இந்தச் சனியன். சாயங்கால வேளையில்தான் ஷெல்பி வருவாள். அவள் பேசும்போது முகத்தைவிட அவள் கைகளைத்தான் அதிகம் பார்ப்பான், அத்தனை லாவகம். இப்போது அந்தக் கைகள் யார் முன்னாலோ?

திடீரென்று அவனுக்கே அலுத்துப்போனது. போதும், அக்கா சொல்வதுதான் சரி என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே பெரிய ஆறுதலாக இருந்தது. எழுந்து போய் அக்காவுக்குக் காபி போடலாம் என்று நினைத்தான், நிஜமாகவே நினைத்தான்.

டாங்கிளைப் பிடுங்கக் கை நீட்டியவன் நிறுத்திக்கொண்டான். வேட்டைக்காரன் எவனும் காமிரா கார்டைக் கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே பிடுங்க மாட்டான். ஒருமுறை பிடுங்கியதில் பத்துக் கொம்பு மானின் படம் மொத்தமும் அழிந்துபோய், நண்பர்கள் யாரும் அந்த மானை நம்பாமலே போனார்கள். பழக்க தோஷம், சிடி படத்தைத் தட்டி ‘வெளியேற்று’ என்பதை அழுத்தினான்.

சிடி மறைந்தது. டாங்கிளில் நீல விளக்கு மினுக்கியது. இதுவரை சிடியாக வேஷம் போட்டிருந்த சாமான், வெளியே போ என்று சொன்னதும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாகிவிட்டது. லினக்ஸுக்கு அதன் நிஜ முகம் முன்பே பழக்கம் போலிருக்கிறது, டிரைவர் கேட்கவே இல்லை. திரையின் ஓரத்தில் பக்கத்துக் குடில் நெட்டின் வைஃபை பெயர் வந்து நின்றது.

காபி மறந்துபோனது. கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாம் தடவை உள்ளே போனான். ஷெல்பி இருக்கும் இடத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, விரல்களுக்கே வழி தெரியும்.

மேலே மண்வாரிச் சத்தம் நின்றது. ஏணி கிறீச்சிட்டது. “டேய், அடுப்புல விறகு போட்டியா?” என்று கார்லா குரல் கொடுத்தாள். அவன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

திரையில், பச்சை விரிப்புப் போட்ட சூதாட்ட மேஜைக்குப் பின்னாலிருந்து ஷெல்பி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“வாங்க டேரில், ஆளையே காணோமே! சீக்கிரம் பந்தயத்தை வைங்க, சீட்டைப் போடப்போறேன்.”